ஏன் பழைய படம்?

புகாரை எந்தத் தளத்தில் ஏற்றுவது, ஸ்கிரீன்ஷாட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது, போலிக் கணக்கை முடக்க யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே கணினிக்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தோம். உறையை எடுக்கவே அதிகாரியிடம் கேட்க வேண்டும். ஆகவே அந்தப் பக்கம் நான் வாய் திறக்கப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு உபயோகப்படும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டு நச்சரிப்பேன். கல்யாண வீட்டுக்குப் போனால் சமையல்காரரிடம் போய் நின்றுகொள்வேன், சாம்பாருக்கு எப்போது உப்புப் போடுவீர்கள் என்று கேட்பேன். வீட்டில் எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணிக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கே சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் எந்த நாளில் அது கட்டாயம் தேவைப்பட்டதோ, அந்த நாளில் நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை. எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் கள்ளக்குறிச்சிக்கு எங்களைத் தேடி வந்தார்கள். மகளைக் கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. பிளஸ் ஒன் படிக்கிற பெண். படம் போடுகிற செயலி ஒன்றில் அவள் பெயரில், அவள் படத்தோடு, யாரோ ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நான் இங்கே சொல்ல மாட்டேன். கூடவே அம்மாவின் போன் நம்பர்.

"போன ஆன் பண்ணாலே அடிச்சிகினே கீதுங்க. எவன் எவனோ பேசறான். பொண்ணு இருக்கா, குடுன்றான். காது குடுத்து கேக்க முடியல" என்றாள் அம்மா. அணைத்து வைத்த போனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அந்தக் கணக்கை என் போனில் தேடி எடுத்துக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அம்மாதான் விஷயத்துக்கு வந்தாள். கோமதியின் அப்பா சொந்தமாக மினி லாரி வைத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. அறுவடைக் காலம் என்பதால் மலையிலேயே தங்கியிருந்தார். போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: பள்ளிக்கூடம் போதும். ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கி வந்ததும் அத்தை வீட்டுக்காரர்களோடு பாக்கு மாற்றி நிச்சயம் செய்துகொள்வோம். பதினெட்டு முடிந்த மறுநாள் கல்யாணம்.

"போன்ல போட்டோ போட்டவளுக்கு இன்னா படிப்புன்னு கேக்கறாருங்க. யாரு பண்ணாங்கன்னு நீங்க கண்டுபுடிச்சி சொன்னா அவரு மனசு மாறும். இல்லன்னா இவ படிப்பு அவ்ளோதான்" என்றாள் அம்மா.

அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள். "நான் எங்கியும் போடலைங்க மேடம்."

சட்டத்தை வைத்து அந்த அப்பாவை நான் ஒன்றும் செய்ய முடியாது. அவர் வயது பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார். பாக்கு மாற்றுவதைச் சட்டம் தடுக்காது. ஒரு பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பு என்று சொல்லலாம், மனசு இல்லாதவரை அனுப்ப வைப்பது வேறு விஷயம். எனக்கு இருந்தது மூன்று நாள்.

படத்தைப் பார்த்தேன். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நடந்த மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது என்றாள் கோமதி. அந்தப் படம் வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வினிதாகிட்ட மட்டும் கீது" என்றாள். வகுப்புத் தோழி. போன வருஷம் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்க அம்மா போனிலிருந்து அவளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அவ்வளவுதான், நான் முடிவுகட்டிவிட்டேன். வினிதாவைத் தவிர யாரிடமும் படம் இல்லை, ஆகவே வினிதா. நம் வேலையில், கூடச் சேர்ந்து சிரித்த தோழிகளே பின்னால் இப்படிச் செய்வதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அந்த அனுபவமே என் கண்ணை மறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போனேன். பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஆளை அனுப்பி வினிதாவைத் தலைமையாசிரியர் அறைக்கு வரவழைத்தேன். அந்த அறைக்குக் கதவு இருந்தது. மூடவில்லை. வராந்தாவில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் நான் கேட்டது காதில் விழுந்திருக்கும்.

"கோமதியோட மஞ்சள் நீராட்டு படம் உன்கிட்ட இருக்கா?"

"கீதுங்க மிஸ்."

"யார் யாருக்கு அனுப்புன?"

"யாருக்கும் அனுப்பலங்க."

நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே பதில். ஐந்தாவது முறை, "உண்மையைச் சொல்லிட்டா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றேன். இந்த வாக்கியத்தை எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். நீ பொய்தான் சொல்கிறாய் என்று நான் முடிவு செய்துவிட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். வினிதா அதைப் புரிந்துகொண்டாள். அழ ஆரம்பித்தவள் அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

மதியம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். சாப்பாட்டு வேளையில் வினிதா பையைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள் என்றார். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழி விழுந்த குழந்தை தனியாகப் போகிறது என்றால் மனசு எங்கெங்கோ போகும். அலுவலக ஜீப்புக்குக் காத்திருக்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனேன்.

வீட்டில்தான் இருந்தாள். கடவுளே என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன், பொய் சொல்லவில்லை. அவளுடைய அம்மா கரும்பு வெட்டிலிருந்து பாதியில் வந்திருந்தாள். கையில் வெட்டுக்கத்தி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. லாரி வச்சிகினு கீறவன் பொண்ணு அழுதா எம் பொண்ண புடிப்பீங்க. எம் பொண்ணு அழுதா யார புடிப்பீங்க?"

ஒருவேளை ஆள் மாறியிருந்தால், கூலிக்காரர் மகள் புகார் கொடுத்து லாரிக்காரர் மகள் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருந்தால், நான் கதவை மூடியிருப்பேனோ? பெற்றோரை முதலில் கூப்பிட்டிருப்பேனோ? இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் கிடைக்கவில்லை.

உள்ளே வினிதா சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"அந்த போட்டோல அவ எட்டாவது படிக்கறா மிஸ்."

"சரி."

"எங்க வூட்டு போன்ல அவ போட்டோ எவ்ளோ கீது தெரியுமா? டூர் போனது, டான்ஸ் ஆடுனது, வாய கோணலா வச்சிகினு எடுத்தது. அவ அசிங்கப்படணும்னு நான் நெனச்சிருந்தா அதுல ஒண்ண போட மாட்டேன்? ஏன் போயி மூணு வருஷத்து பழைய படத்த போடறேன்?"

ஊரெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டுத் திரிந்தவள் நான். இந்த ‘ஏன்’ எனக்குத் தோன்றவில்லை. அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிய பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதே சமயம், மறைக்காமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. பழைய படத்தைப் போட்டவனிடம் புதுப்படம் இல்லை. அவளைத் தெரிந்தவனிடம் புதுப்படம் இல்லாமல் இருக்காது. அப்படியானால் இது அவளைத் தெரியாத யாரோ.

வினிதா தன்னிடம் இருந்த படத்தை எடுத்துக் காட்டினாள். ஸ்டூடியோவில் எடுத்தது. கோமதி மட்டும் தனியாக, பின்னால் நீலத் திரை. போலிக் கணக்கில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே புடவை, அதே சிரிப்பு. ஆனால் நிறம் வெளிறியிருந்தது. ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. முன்கையில் பச்சையாக ஒரு கறை. வினிதாவிடம் இருந்த படத்தில் அந்தக் கை இல்லை.

வியாழக்கிழமையே இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் படத்தைக் கேட்கவில்லை, வாக்குமூலத்தைக் கேட்டேன்.

‘இந்தக் கை எங்கிருந்து வந்தது’ என்று யோசித்தபடி நிமிர்ந்து பார்த்தேன். அந்த வீட்டின் பக்கச் சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. மீதிக்குப் பழைய பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு மாப்பிள்ளை, யாரோ ஒரு பெண், அவர்களைச் சுற்றிக் கை கூப்பியபடி சித்தப்பாக்கள், மாமாக்கள். நம் பக்கத்தில் விசேஷம் முடிந்ததும் பேனரை யாரும் எறிவதில்லை. மாட்டுக் கொட்டகைக்கு, குளியல் மறைப்புக்கு, வைக்கோல் போருக்கு என்று எங்காவது போய்ச் சேரும். வெயிலில் வெளிறிப்போய்ச் சிரித்துக்கொண்டிருக்கும். நானும் ஆயிரம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அங்கிருந்து நேராகக் கோமதி வீட்டுக்குப் போனேன். "விழாவுக்கு பேனர் வெச்சீங்களாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வெச்சாரேங்க. நாலு ரோட்ல, பஸ்ஸு ஒயரத்துக்கு."

"இப்ப எங்க இருக்கு?"

"கிரிக்கெட் ஆடற பசங்க கேட்டாங்கன்னு அவருதான் குடுத்தாரு. ஏரிக்கரையில கொட்டா போட்டுகினு கீறாங்க."

திரும்பும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டுத் தெருச்சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது: இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும். கீழே போன் நம்பர். கணக்கில் போட்டிருந்த அதே நம்பர்.

ஏரிக்கரைக் கொட்டகையில் அப்போது யாரும் இல்லை. மூன்று பக்கம் தென்னங்கீற்று, பின்பக்கம் பிளக்ஸ். அதில் கோமதி ஆள் உயரத்துக்கு நின்றாள். மேலே அவள் பெயர், ஊர், அப்பா பெயர். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அவளுடைய அப்பா கை கூப்பியிருந்தார். அவர் கை அவள் புடவை மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. முன்கையில் பச்சை குத்திய வேல் ஒன்று.

ஆக, போனிலிருந்து ஒன்றுமே வெளியே போகவில்லை. முகம், பெயர், ஊர், நம்பர் எல்லாம் தெருவில் இருந்தது. யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். யார் என்பதைக் காவல்துறையில் ஒரு பெண் ஆய்வாளர் அடுத்த வாரம் கண்டுபிடித்தார். பக்கத்து ஊரிலிருந்து ஆட வருகிற இரண்டு பேர், கல்லூரி முதல் வருஷம். பேனரில் இருந்த அப்பா பெயரை வைத்து வீட்டைக் கண்டு, சுவரில் இருந்த நம்பரை எடுத்திருக்கிறார்கள். ஏன்டா செய்தீர்கள் என்று நான் கேட்டபோது ஒருவன் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னான்: "அந்தப் பொண்ண நேர்ல பாத்ததே இல்லீங்க மேடம். கொட்டாயில கீற போட்டோதான?" தினமும் அவள் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர்கள். அவள் ஓர் ஆள் என்பதே அவர்கள் மண்டையில் ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஓங்கி அறைந்திருப்பேன். வேலை கையைக் கட்டிப்போட்டது.

ஆனால் அதெல்லாம் பிறகு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கையில் இருந்தது அந்த பேனரின் படம் ஒன்றுதான். அப்பாவோ மலையில். அவர் இருந்த இடத்தில் டவர் கிடையாது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வெள்ளிமலைக்கு ஏறினேன். வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டே போனேன். உன் மகள் போடவில்லை, நீதான் போட்டாய் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் என்ன ஆகும்? நாலு பேர் முன்னால் குற்றவாளியாக நிற்கிற மனுஷன் இன்னும் முறுக்கிக்கொள்வான். வெள்ளிக்கிழமை காலையில் நான் ஒரு குழந்தைக்குச் செய்ததையே சனிக்கிழமை ஒரு தகப்பனுக்குச் செய்யக் கூடாது.

வெள்ளிமலை தாண்டி ஒரு மரவள்ளித் தோட்டத்தில் கிழங்கு பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கோமதியின் அப்பா வெற்றுடம்போடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிழங்கு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது.

"நீங்க இன்னா சொன்னாலும் நாளைக்கி பாக்கு மாத்தறது மாத்தறதுதாங்க."

"அதுக்கு வரலண்ணே. எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிடறேன்."

கொஞ்சம் தள்ளி வந்தார். போலிக் கணக்கின் படத்தை எடுத்தேன். "எனக்கு காட்டாதீங்க" என்று திரும்பிக்கொண்டார்.

கோமதியின் முகத்தை என் கட்டைவிரலால் மறைத்தேன். "பொண்ண பாக்க வேணாம். இந்த ஓரத்த மட்டும் பாருங்க. இந்தக் கை யாருதுண்ணே?"

பார்த்தார். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மண் அப்பிய தன் முன்கையைத் துண்டால் துடைத்து, அதையும் பார்த்தார். வேல் அப்படியே இருந்தது. அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பேனரு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாலு ரோட்ல வச்சது. பெருசா வைடான்னு நான்தான் சொன்னேன்."

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"அவ வாணாம்னுதாங்க சொன்னா. பள்ளிக்கூடம் போற வழிப்பா, எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்கன்னு அழுதா. பெத்தவன் ஆசைக்கி வெக்கறேன், நீ இன்னா பேசறதுன்னு அதட்டிட்டேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினார். மனசு மாறியதா, இல்லையா, எதுவும் சொல்லவில்லை. "லோடு ஏத்திட்டு வரேன்" என்றார், அவ்வளவுதான். கீழே இறங்குகிற வரைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்மா மறுநாள் போனில் சொன்னாள். வந்ததும் ஏரிக்கரைக்குப் போய் பேனரை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அத்தை வீட்டுக்காரர்கள் தட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் நின்று, "போட்டோவ போட்டது அவ இல்ல. நான். அவ படிக்கட்டும், கல்யாணப் பேச்ச அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமை கோமதி பள்ளிக்குப் போனாள்.

இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். விழிப்புணர்வுக் கூட்டங்களில் நான் இங்கேயே முடித்துக்கொண்டதும் உண்டு. போனைப் பிடுங்கி வைத்தால் பிள்ளைகள் பத்திரம் என்று நினைக்கிற பெற்றோருக்குச் சொல்ல இது நல்ல கதை. உங்கள் மகளின் முகமும் பெயரும் நம்பரும் போனுக்கு வெளியே எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். கோயில் சுவரிலிருந்து டியூஷன் சென்டர் போர்டு வரைக்கும் பட்டியலோடு வருவார்கள். ஆனால் நீங்கள் பெற்றோர் இல்லை, என் வேலையைச் செய்யப் போகிறவர்கள். உங்களுக்கு மீதியும் தெரிய வேண்டும்.

திங்கள்கிழமை வினிதா பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இனிமேல் அனுப்பப் போவதில்லை, உளுந்தூர்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குக் கேட்டிருக்கிறோம் என்றாள் அம்மா. ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றப் போய் இன்னொரு பெண்ணின் படிப்பை நானே நிறுத்தியிருக்கிறேன். வினிதாவிடம், தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "கேட்டது பள்ளிக்கூடத்துல. மன்னிப்பு மட்டும் வூட்லயா மிஸ்?"

செவ்வாய்க்கிழமை காலை, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பிரேயரில் நின்றேன். முதல் நாளே அவள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனால் வினிதா வருவாளா என்பது தெரியாது. வரிசைகள் நின்ற பிறகு, அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் நிற்க, அவள் கடைசியில் வந்து சேர்ந்தாள். மைக்கைப் பிடித்தேன். எந்த வழக்கு, யார் படம் என்று எதையும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வினிதாவைக் கூப்பிட்டு விசாரித்தது நான். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அவள் மேல் பழி போட்டேன். அந்தக் கேள்வியை அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்" என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டுகிற விஷயமும் இல்லை.

வினிதா தலையைத் தூக்கவே இல்லை. வரிசை கலைந்தபோது கோமதி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். வினிதா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்து, நீ போ என்று ஜாடை காட்டிவிட்டு, வகுப்புக்குள் போனாள்.